குறுக்குப் பட்டை 63 சென்டிமீட்டர்: மௌல்மீனில் ஒரு ரப்பர் பூச்சு இயந்திரத்தைச் சீர்செய்த பதிவு

ஓடும் துணியில் ரப்பர் பால் பூசும்போது பூச்சு சீராக விழவில்லை என்றால், கோளாறு எந்தத் திசையில் தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீளவாக்கில் கோடு விழுந்தால் குறை, மிச்சப் பாலைத் தடுத்து நிறுத்தும் கத்தியில் இருக்கிறது, அல்லது பாலில் இருக்கிறது. குறுக்கே பட்டை விழுந்தால் சுழலும் ஏதோ ஒன்று சரியில்லை. ஓர் ஓரம் கனத்து மறு ஓரம் மெலிந்தால் கத்தியின் இடைவெளி சாய்ந்திருக்கிறது. பர்மாவின் மோன் மாநிலத்து மௌல்மீனில் உறவுக்காரர் ஒருவரின் பட்டறையில் இருந்த இயந்திரத்தில் இந்த மூன்றும் சேர்ந்தே இருந்தன. அதைப் பிரித்துச் சீர்செய்த விவரம் இது.

பட்டறைக்காரர் எனக்கு மாமா முறை. பருத்தித் துணியில் ரப்பர் பால் பூசி, பிள்ளை பெற்ற வீடுகளிலும் மருத்துவமனைக் கட்டில்களிலும் விரிக்கும் ரப்பர் ஷீட் செய்கிறார். மோன் மாநிலம் பர்மாவின் ரப்பர் பூமி; முடோன் பக்கமும் தான்பியூசயாத் பக்கமும் சாலையின் இருபுறமும் பால்வெட்டும் தோப்புகள்தான். எனவே சரக்கு கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஆனால் ஷீட் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் நீர் கசிந்தும் வந்ததால், ரங்கூன் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பர்மியப் புத்தாண்டான தின்ஜான் விடுமுறையில் இயந்திரம் நிற்கும். மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கேட்டார்.

இயந்திரத்தின் அமைப்பு எளிது. ஒரு முனையில் துணிச்சுருள். அதிலிருந்து வரும் துணி 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உருளையின் மேல் ஏறும். உருளைக்கு மேலே, துணியைத் தொடாமல் ஒரு நீண்ட கத்தி நிற்கும். கத்திக்குப் பின்னால் ரப்பர் பால் கலவை தேங்கி நிற்க, துணி அதை இழுத்துக்கொண்டு கத்தியின் அடியில் நுழையும். இடைவெளி விட்ட அளவு மட்டும் துணியோடு போகும். மிச்சம் பின்னால் நிற்கும். பிறகு எட்டு மீட்டர் நீள உலர்த்தும் கூண்டு. அதற்குச் சூடு, பால் வற்றி வெட்டிய ரப்பர் மர விறகிலிருந்து வருகிறது. துணியின் வேகம் நிமிடத்துக்கு 4 மீட்டர்.

இந்தக் கத்தி முறையில் ஒரு கணக்கு உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கத்தியை ஒட்டியிருக்கும் பால் நகராது. துணியை ஒட்டியிருக்கும் பால் துணியின் வேகத்தில் போகும். நடுவில் இருப்பதன் சராசரி வேகம் அதில் பாதி. ஆகவே இடைவெளியில் ஏறத்தாழப் பாதிதான் படலமாக வெளியே வரும். துணிக்கும் கத்திக்கும் 0.20 மி.மீ. விட்டால் ஈரப் படலம் 0.10 மி.மீ.; சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிராம். கலவையில் 60 சதவீதம் திடப்பொருள் என்றால் உலர்ந்தபின் 60 கிராம் நிற்கும். தடிப்புக் கூட்டிய கலவை இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்ட இது போதும். உருளை ஒரு சுற்றில் 0.05 மி.மீ. ஏறி இறங்கினால்கூட இடைவெளி 0.175-க்கும் 0.225-க்கும் நடுவில் ஆடும்; உலர்ந்த பூச்சு 52 கிராமுக்கும் 68 கிராமுக்கும் இடையில் அலையும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம், கையில் பிடித்தால் தெரியும் வித்தியாசமாகிவிடுகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்தேன். 11.28 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டம் வெட்டினால் அதன் பரப்பு சரியாக 100 சதுர சென்டிமீட்டர். எடையை 100-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கிடைத்துவிடும். தகரத்தில் அந்த அளவுக்கு அச்சு வெட்டிக்கொண்டு, பிளேடால் துணியை வட்டமாக அறுத்தோம். எடைக்கு நகைக்கடையில் வைக்கும் சிறிய மின்தராசு போதும், 0.01 கிராம் காட்டும் தராசில் சதுர மீட்டருக்கு 1 கிராம் வரை தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது பருத்தியின் ஈரம். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில்கூடப் பருத்தி தன் உலர் எடையில் சுமார் 8.5 சதவீதம் நீரை வைத்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதும் மௌல்மீனில், ஆண்டுக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், மழைக்காலத்தில் அது இன்னும் ஏறும். கூண்டிலிருந்து சூடாக வரும் துணி வறண்டிருக்கும். கிடங்கில் இருக்கும் வெறுந்துணி நனைந்திருக்கும். இரண்டையும் அப்படியே நிறுத்துக் கழித்தால் பூச்சின் எடை பொய்யாகவே வரும். வெறுந்துணி வட்டங்களையும் பூசிய வட்டங்களையும் ஒன்றாகச் சூட்டில் உலர்த்தி, மூடிய டப்பாவில் ஆறவிட்டு, அடுத்தடுத்து நிறுத்தோம். தொழிலில் இருப்பவர்கள் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டு, பிறகு கத்தியைக் குறை சொல்கிறார்கள்.

எண்கள் இப்படி வந்தன. அகலத்தில் இடது ஓரம் 71 கிராம், நடு 60, வலது ஓரம் 50. நடுக்கோட்டில் நீளவாக்கில் வெட்டிய வட்டங்கள் 52-க்கும் 69-க்கும் இடையில் ஏறி இறங்கின. ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குறுக்குப் பட்டைகள் நன்றாகவே தெரிந்தன. ஒரு தடித்த பட்டையிலிருந்து அடுத்ததற்கு 63 சென்டிமீட்டர்.

“கத்தி பழசு மாப்பிள்ளை. புதுக் கத்திக்குச் சொல்லிவிடட்டுமா?” என்று மாமா கேட்டார்.

“கத்தி சுற்றவில்லையே மாமா. 63 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வருவது சுற்றுகிற பொருளாகத்தான் இருக்கும்” என்றேன்.

200 மி.மீ. விட்டமுள்ள உருளையின் சுற்றளவு 628 மி.மீ. வேறு எதையும் சந்தேகிக்கத் தேவையில்லை. பட்டைகளுக்கு இடையிலுள்ள தூரமே குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடும் என்பது இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வழிகாட்டி உருளைகள் 80 மி.மீ. விட்டம் என்றால் அவற்றின் முத்திரை 25 சென்டிமீட்டருக்கு ஒருமுறை விழும். பல்சக்கரத்தின் முத்திரை, உருளையின் சுற்றளவை அதன் பற்களால் வகுத்த தூரத்தில் விழும். ஒரு நாடாவை எடுத்து அளந்தால் போதும்.

உருளையின் மேல், நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை மூன்று இடங்களில் வைத்துக் கையால் சுற்றினோம். இடது முனையில் 0.02 மி.மீ. ஆட்டம், நடுவில் 0.05, சங்கிலி மாட்டிய வலது முனையில் 0.09. உருளை வளைந்திருந்தால் நடுவில்தான் ஆட்டம் மிகுதியாக இருக்கும். முனைகள் அமைதியாக இருக்கும். இங்கே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆட்டம் படிப்படியாகக் குறைந்ததால், குறை வலது பக்கத் தண்டில். பேரிங்கைக் கழற்றியபோது அது தெளிவாயிற்று. சங்கிலி ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கமாக இழுத்து, பேரிங் உட்காரும் 40 மி.மீ. தண்டு தேய்ந்திருந்தது. முன்பு யாரோ அதன் மேல் உளியால் புள்ளி குத்திப் பேரிங்கை இறுக்கி வைத்திருந்தார்கள். அப்படிக் குத்தினால் பேரிங் ஆடாது. ஆனால் மையமாகவும் உட்காராது.

தேய்ந்த இடத்தில் வெல்டிங் போட்டு நிரப்பலாம் என்று லேத் பட்டறையில் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்தச் சூடு தண்டை இழுத்துக் கோணலாக்கினால், இருந்த நோயோடு இன்னொன்றும் சேரும். தண்டை 36 மி.மீ. வரை கடைந்து, உள்விட்டம் 0.03 மி.மீ. குறைவான இரும்பு வளையம் ஒன்று செய்யச் சொன்னோம். வளையத்தைச் சுமார் 200 பாகை வரை சூடேற்றினால் 0.07 மி.மீ. விரியும், வழுக்கிக்கொண்டு ஏறி, ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வளையத்தின் வெளிப்புறத்தை 40 மி.மீ.க்குக் கடைந்து, இரு முனையிலும் அந்த அளவுத் தண்டுக்கான புது 6208 பேரிங் ஏற்றி, அந்தப் பேரிங்குகளின் மேலேயே உருளையைச் சுழலவிட்டு அதன் பரப்பைச் சாணைக்கல்லால் மெல்லத் தேய்த்தோம். லேத்தின் முனைகளுக்கு இடையில் பிடித்துத் தேய்ப்பதைவிட இதுவே மேல். உருளை வேலை செய்யும்போது எந்த மையத்தில் சுழலுமோ அந்த மையத்துக்கே வட்டமாகிவிடும். கடைசியில் மூன்று இடங்களிலும் ஆட்டம் 0.015 மி.மீ.க்குள் வந்தது.

பெரிய பட்டை மறைந்ததும், அதுவரை அதன் நிழலில் இருந்த நுண்ணிய வரிகள் தெரிந்தன. ஏறத்தாழ 21 மி.மீ.க்கு ஒன்று. உருளையில் மாட்டிய சங்கிலிச் சக்கரத்துக்கு 30 பற்கள். 628-ஐ 30-ஆல் வகுத்தால் 20.9. மோட்டார் பக்கச் சக்கரத்தில் 11 பற்கள்தான் இருந்தன. சங்கிலி வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாகச் சுற்றுகிறது. பற்கள் குறையக் குறைய ஒவ்வொரு கண்ணிக்கும் வேகம் துடிக்கும். 11 பல்லில் அந்தத் துடிப்பு சுமார் 4 சதவீதம்; 19 பல்லில் 1.4 சதவீதத்துக்கும் கீழே. படலத்தின் கனத்தை இடைவெளிதான் தீர்மானிக்கிறது, வேகம் அல்ல என்று மேலே சொன்ன கணக்கு இதற்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் வேகம் துடிக்கும்போது துணியின் இழுவை துடிக்கிறது, கத்திக்குப் பின்னால் தேங்கிய பாலும் குலுங்குகிறது; வரி அங்கிருந்து வருகிறது. 19-க்கு 52 பல் சக்கர ஜோடி மாட்டினோம். விகிதம் ஏறத்தாழ அதே, துணியின் வேகமும் அதே. வரிகள் போய்விட்டன.

அடுத்தது இடது வலது வித்தியாசம். இதற்குக் காரணம் இரண்டு. கத்தியை ஏற்றி இறக்கும் திருகுகள், ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் புரியுள்ள சாதாரண போல்ட்டுகள். 0.05 மி.மீ. மாற்ற வேண்டுமானால் ஒரு சுற்றில் முப்பதில் ஒரு பங்கு திருப்ப வேண்டும். ஸ்பானரால் அதைச் செய்ய யாராலும் முடியாது. 1 மி.மீ. புரியுள்ள திருகு போட்டு, தலையில் 15 சென்டிமீட்டர் நீளக் கம்பி ஒன்றை முள்ளாகப் பற்றவைத்தோம். இப்போது 0.05 மி.மீ. என்றால் முள்ளின் நுனி ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். அடியில் ஒட்டிய தாளில் கோடு போட்டு வைக்கலாம். புரியில் இருக்கும் தளர்வு ஏமாற்றாமலிருக்க, கத்தியைக் கடைசியாக எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கீழே போய்விட்டால் நன்றாக மேலே தூக்கிவிட்டு மறுபடி இறங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சூடு. கூண்டின் சூட்டுக்குழாய் வலது பக்கமாகத்தான் போகிறது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உருளையின் வலது முனை இடது முனையைவிட 25 பாகை வரை கூடுதலாகச் சுடுகிறது. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்குச் சுமார் 12 மைக்ரான் (0.012 மி.மீ.) விரியும். உருளையின் ஆரம் 100 மி.மீ.; ஆகவே அந்த முனை 0.03 மி.மீ. தடித்துவிடும். விடியற்காலையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து இரண்டு பக்கமும் 0.20 என்று சரியாக வைத்தாலும், பத்து மணிக்குள் வலது பக்கம் 0.17 ஆகிவிடுகிறது. காலைத் துணி நன்றாக இருந்து பிற்பகல் துணி கெடுவதாக வேலையாட்கள் சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். அவர்கள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளாததில் எனக்கு வருத்தம் உண்டு. இயந்திரத்தோடு நாள் முழுவதும் நிற்பவர் சொல்லும் நேரக்கணக்கைவிட நல்ல தடயம் வேறில்லை. குழாய்க்கும் உருளைக்கும் நடுவில் இரட்டைத் தகரத் தடுப்பு வைத்து, இரு தகரங்களுக்கும் இடையில் காற்று போகும்படி இடம் விட்டோம். அதோடு, வெறுந்துணியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு உருளை சூடேறிய பிறகே கத்தியை வைப்பது என்று வழக்கத்தை மாற்றினோம்.

துணியின் இழுவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருளைப் பிடித்து நிறுத்தும் பிரேக், தண்டில் சுற்றிய தோல்பட்டை. சுருள் 40 சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்கும்போது ஓர் இழுவை. 8 சென்டிமீட்டராகச் சிறுக்கும்போது அதே பிரேக்கில் இழுவை ஐந்து மடங்கு. சுருளின் கடைசியில் துணி குறுகி, ஓரம் மடிந்து, பால் பின்பக்கம் ஊடுருவுவது இதனால்தான். சுருளின் மேல் படுத்திருக்கும் ஒரு நெம்புகோல் கையை வைத்து, சுருள் சிறுக்கச் சிறுக்கக் கை இறங்கி பிரேக் கயிற்றைத் தளர்த்தும்படி கட்டினோம். மோட்டாரும் மின்கருவியும் இல்லாமலே வேலை நடக்கிறது. மின்சாரம் நம்ப முடியாத ஊரில் இது பெரிய ஆறுதல்.

இனி பால். நீளக் கோடுகளுக்குக் காரணம் கத்தியின் பின்னால் சிக்கும் சிறு கட்டிகள். அம்மோனியாதான் பாலை உறையாமல் வைத்திருக்கிறது. திறந்த தொட்டியில் அது ஆவியாகிப்போனால் மேலே ஆடை படியும். ஆடை கிழிந்து கத்தியடியில் போய் மாட்டும். மாட்டிய இடத்திலிருந்து சுருள் முடியும்வரை ஒரே கோடு. கலவையில் போடும் துத்தநாக ஆக்ஸைடும் அம்மோனியாவோடு சேர்ந்து மெல்லக் கரைந்து, நாள் போகப் போகப் பாலைத் தடிக்கவைக்கும். ஆகவே முந்தாநாள் கலவை இன்றைய கலவை அல்ல. 4 மி.மீ. துளையிட்ட ஒரு டம்ளரை நிரப்பி, அது காலியாக எத்தனை விநாடி ஆகிறது என்று காலையிலும் மதியத்திலும் பார்த்து எழுதிவைக்கச் சொன்னேன். தொட்டிக்கு மூடி செய்தோம். கத்திக்குப் பின்னால் பால் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க மிதவை வால்வு வைத்தோம். தேக்கம் ஏறி இறங்கினால் கத்தியடியில் அழுத்தமும் மாறும். வடிகட்டும் துணியை நுண்கண் ஸ்டீல் வலைக்கு மாற்றினோம். கலவையை வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ் சேரும்; அது உலரும்போது ஊசித்துளையாகும். மெல்லக் கலக்கி ஓர் இரவு அப்படியே விடுவதுதான் வழி.

தொட்டியின் அடியில் பித்தளைக் குழாய் ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் உடனே மாற்றச் சொன்னேன். பித்தளையில் இருக்கும் செம்பு ரப்பருக்கு நஞ்சு. மிகச் சிறிய அளவு கலந்தாலும் ஷீட் சில மாதங்களில் பிசுபிசுத்து, பிறகு வெடிக்கும். மங்கனீசும் அப்படித்தான். திருப்பி அனுப்பப்பட்ட ஷீட்டுகளில் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். இப்போது பிளாஸ்டிக் குழாய்.

பெரிய ஆலைகளில் கத்தி இல்லை. ஒரு நீண்ட பிளவின் வழியாகப் பம்ப் அளந்து கொடுக்கும் திரவம் நேராகத் துணியின் மேல் விழும். பம்ப் தரும் அளவை அகலத்தாலும் வேகத்தாலும் வகுத்தால் அதுவே கனம். உருளையின் சிறு ஆட்டம் சராசரிக் கனத்தை மாற்றாது. எங்கள் 1.2 மீட்டர் அகலத் துணிக்கு நிமிடத்துக்கு 0.48 லிட்டர் போதும். மாமாவின் மகன் அதையே செய்யலாமா என்று ஆர்வமாகக் கேட்டார். பல்சக்கரப் பம்பு ரப்பர் பாலை நசுக்கிக் கட்டியாக்கிவிடும். குழாயை நசுக்கித் தள்ளும் வகைப் பம்பு வேண்டும், அது துடிப்பில்லாமலும் ஓட வேண்டும், பிளவுத் தலையின் இரு உதடுகளும் மைக்ரான் கணக்கில் நேராக இருக்க வேண்டும். இங்குள்ள லேத்துகளில் அது முடியாது. சரியாக வைத்த கத்தியே இந்தப் பட்டறைக்கு உகந்தது என்பது என் கருத்து. எதிரே பிலு தீவில் மரக்குச்சியைப் பாலில் தோய்த்து ரப்பர் வளையம் செய்யும் வீடுகளைப் பார்த்தால், பால் எப்போது பதமாக இருக்கிறது என்று கையாலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பதத்தைத்தான் எங்கள் டம்ளர் விநாடிகளாக எழுதிவைக்கிறது.

ஒரே பூச்சில் வேண்டிய கனத்தை ஏற்றுவதையும் கைவிடச் செய்தோம். தடித்த ஈரப் படலம் கடுஞ்சூட்டில் நுழைந்தால் மேல்தோல் முதலில் இறுகும். அடியிலுள்ள நீர் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகும். கூண்டின் முதல் பாதியை 70 பாகைக்குள் வைத்து, பின்பாதியில் 100-க்கு மேல் ஏற்றி, மெல்லிய பூச்சாக இருமுறை ஓட்டினால், முதல் பூச்சின் ஊசித்துளையை இரண்டாவது மூடிவிடுகிறது. விறகடுப்பில் சூட்டைப் பிடித்து நிறுத்துவது கடினம். ஆனால் சூட்டுக்குழாயில் தகரக் கதவு வைத்து முன்பாதிக்குப் போகும் காற்றைக் குறைத்தாலே பெரும்பங்கு சரியாகிவிடுகிறது.

எல்லாம் மாட்டியபின், ஒரு பூச்சு மட்டும் ஓட்டிய துணியில் வெட்டிய வட்டங்கள் அகலத்தில் இடது 61, நடு 60, வலது 58 கிராம் காட்டின. நீளவாக்கில் 58-க்கும் 62-க்கும் நடுவில். இரண்டாம் பூச்சு ஏறிய ஷீட்டை இருட்டறையில் விளக்கின் மேல் இழுத்துப் பார்த்ததில் ஒளி கசியும் துளைகள் அரிதாகவே இருந்தன. ஓரங்களில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சு தடித்தே நிற்கிறது. பக்கத் தடுப்பை ஒட்டிப் பால் ஏறுவதால் அது முழுவதும் போகாது. அந்த ஓரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

உருளையும் துணியும் உள்வாங்கும் இடத்தின் மேல், இயந்திரத்தின் முழு அகலத்துக்கும் ஒரு கயிறு கட்டி, அதை இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்சோடு இணைத்திருக்கிறோம். கத்தியில் மாட்டிய கட்டியை விரலால் எடுக்கும் பழக்கம் அங்கே எல்லோருக்கும் இருந்தது. இனி அதற்கு மூங்கில் குச்சிதான்.

மீதமிருப்பது தையல் இணைப்பு. ஒரு சுருள் முடிந்து அடுத்ததைத் தைத்து இணைக்கும் இடம் தடித்திருப்பதால் கத்தியில் இடிக்கிறது. இப்போது ஒருவர் நின்று, இணைப்பு வரும்போது கத்தியைத் தூக்கி, கடந்ததும் இறக்குகிறார். இறக்கும்போது பழைய இடத்துக்கே கத்தி திரும்ப வேண்டும் என்பதால், திருகைத் தொடாமல் கத்தி முழுவதையும் தூக்கும் நெம்புகோலும், அது வந்து அமரும் இரண்டு கடினப்படுத்திய நிறுத்தங்களும் லேத் பட்டறையில் செய்யக் கொடுத்திருக்கிறோம்.